மூத்த மருமகள் விஷம் வைத்த கதை

போன வாரம் அக்கா மகன் என் கைபேசியில் ஒரு பழைய தொடரை ஏற்றிக் கொடுத்தான். இந்தித் தொடர், அடியில் தமிழ் எழுத்து ஓடுகிறது. "உங்க காலத்து சரித்திர நாடகமாம்ல சித்தி, பாருங்க" என்றான். கோட்டைக் கதவு திறந்ததுமே எனக்குப் பஞ்சு வாசனை அடித்தது. கைபேசியில் வாசனை வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோட்டையை நான் முதலில் பார்த்தது ராஜபாளையத்தில், ஒரு நூல் மில்லின் மனமகிழ் மன்றத்தில். ஷிப்டு முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராக வந்து உட்கார்ந்த நாற்பது ஐம்பது பெண்களுக்கு நடுவில்.

எண்பதுகளின் கடைசி. அந்த மில்லில் வருகைக் கார்டு பதியும் டைம் ஆபீசில் நான் கிளார்க். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான். இருந்தாலும் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். வேலையில் மகளுக்கு எம்புட்டு அக்கறை என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் இதுதான்: பள்ளிக்கூட நாளில் நான் இந்திப் பரீட்சை இரண்டு பாஸ் செய்திருந்தேன். அது எப்படியோ மில்லுக்குள் தெரிந்துபோய், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஓர் இரும்பு நாற்காலி போட்டுவிட்டார்கள். மற்ற எல்லாரும் தரையில். கதையை நான் தமிழில் சொல்ல வேண்டும். அந்த நாற்காலிக்காக நான் பஸ் இல்லாவிட்டால் நடந்தே போயிருப்பேன்.

வடக்கே ஒரு பெரிய அரச குடும்பம். கிழ ராஜா படுத்த படுக்கை. மூன்று மகன்களில் மூத்தவன் போரில் செத்துப்போனான். மற்ற இருவருக்கும் சிம்மாசனத்தின் மேல் கண். செத்தவன் மனைவி, மூத்த மருமகள், மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். இதுவரை எனக்கு நன்றாகவே விளங்கியது. இதற்கு இந்தி தேவைப்படவில்லை.

தொடரில் குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. இளவரசன் கோபத்தில் கோட்டைச் சுவரில் கை வைத்தால் சுவர் லேசாக ஆடும். இந்த வாரம் நம் பக்கம் செத்த ஐந்து வீரர்கள் அடுத்த வாரம் எதிரிப் படையில் வந்து மறுபடி சாவார்கள். ராஜா ஒரு தடவை இருமினால் அரண்மனையில் இருக்கும் அத்தனை முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி மேளம் தட்டுவார்கள். இதெல்லாம் மன்றத்தில் யாரையும் உறுத்தவில்லை. அவர்கள் பார்வையே வேறு. இளவரசன் தோளில் காயக்கட்டோடு வந்தபோது, சீனியம்மாள் என்ற ரீலிங் பிரிவுக்காரி, "ஏட்டி, துணிக் கரையப் பாரு. நம்ம சத்திரப்பட்டி பவர்லூம்ல ஓடுன பேண்டேஜுல்ல அது. அந்த ராசா கோட்டைக்குள்ள கரண்டு இழுத்திருந்தாரோ?" என்றாள். போர்க்களமே சிரிப்பில் மூழ்கிவிட்டது.

நிறை என்று ஒன்றைச் சொல்வதென்றால், அந்த மூத்த மருமகளாக நடித்த பெண். அதிகம் பேச மாட்டாள். கஞ்சிக் கிண்ணத்தை அவள் தூக்கி வரும்போது மற்றதை விட்டுவிட்டு அவள் கையையே பார்ப்போம். ஒருநாள் இடுப்பிலிருந்து சின்னப் பொட்டலம் எடுத்துப் பிரித்து, பொடியைக் கஞ்சியில் கலந்தாள். கூடவே படபடவென்று ஏதோ பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. நாற்பது முகமும் என் பக்கம் திரும்பின. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாற்காலி விடவில்லை.

"விஷம் வைக்கா" என்றேன்.

எட்டு வாரம் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வைண்டிங் பிரிவில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளும் வீட்டுக்கு மூத்த மருமகள். அவள் மாமனாரும் படுக்கையில். நாடகம் பாதி ஓடும்போதே கஞ்சி கொடுக்க எழுந்து ஓடுவாள். "பேச்சி, பொடிய மறந்துராத" என்று சீனியம்மாள் கத்துவாள். முதல் இரண்டு வாரம் பேச்சியும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் புது வாட்ச்மேன் வந்தார். சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருந்து இந்தி பழகி வந்தவர். ஒரு ஞாயிறு வாசலில் நின்று நாடகம் பார்த்தவர், நான் கிளம்பும்போது மில் கேட் அருகே நிறுத்தினார்.

"பாப்பா, நீ சொல்றதுக்கும் அவ பேசுறதுக்கும் சம்பந்தமே இல்லையே. அது வைத்தியர் குடுத்த மருந்துப் பொடி. கொழுந்தன்மாரு விஷம் வச்சிருவானுகன்னுதான் கஞ்சிய ஒருத்தரையும் தொட விடாம அந்தப் புள்ள காவல் காக்குது." நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லீரு" என்றார்.

அடுத்த வாரம் சொல்லிவிடும் முடிவோடுதான் போனேன். திரையில் மருமகள் ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரும்பு நாற்காலியில் இருந்தபடி, "மனசு மாறிட்டா. திருந்திட்டா" என்றேன்.

"எட்டு வாரமா விஷம் வச்சவ ஒரே நாள்ல திருந்துவாளாக்கும்? கதை எழுதுனவனுக்குக் கிறுக்கு" என்றாள் சீனியம்மாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ராஜபாளையத்தைப் பொறுத்தவரை அந்தத் தொடரின் மிகப் பெரிய குறை அதுதான். எழுதியவர் பாவம், அவருக்கு இது தெரியவே தெரியாது.

பேச்சி அன்றைக்கு வரவில்லை. அந்த வாரம் அவள் மாமனார் இறந்துபோயிருந்தார். பதினாறு கழித்து வேலைக்கு வந்தவள் டைம் ஆபீஸ் ஜன்னலில் கார்டை நீட்டியபடி நின்றாள்.

"தாயி, அந்த நாடகத்துப் பொம்பள நெசமாவே விஷம் வச்சாளா? எழவு வீட்ல வச்சு எங் கொழுந்தன் பொண்டாட்டி, 'டிவில வாரவ மாதிரி இவளும் என்னத்தக் கலந்து ஊத்துனாளோ'ன்னு கேட்டுட்டா. ஒருத்தரும் அவள அதட்டல. நீங்க படிச்சவுக. நீங்க வந்து இல்லன்னு சொன்னா நம்புவாக."

அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் கார்டோடு நின்றார்கள். சீனியம்மாளும் நின்றாள்.

"அவ திருந்திட்டாக்கா" என்றேன்.

"திருந்தணும்னா மொதல்ல தப்பு செஞ்சிருக்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் பேச்சி கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் மன்றத்துப் பக்கம் வரவில்லை. நான் தொடர் முடியும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறுகளில் மில்லை மூடினார்கள். மன்றம் இருந்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறது. வாட்ச்மேன் இப்போது உயிரோடு இல்லை. போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சீனியம்மாளைப் பார்த்தேன். அவளுக்குக் காது கேட்கவில்லை. பேச்சியைப் பற்றிக் கத்திக் கேட்டேன். "அவ செத்துப்போயி ரொம்ப வருசமாச்சே" என்றாள்.

நேற்று அந்தக் காட்சி வந்தது. பொட்டலம், பொடி, கிண்ணம். அடியில் தமிழில் ஓடியது: 'இது வைத்தியர் தந்த மருந்து. என் கையைத் தவிர வேறு கையை நான் நம்ப மாட்டேன்.' அப்படியே நிறுத்திவிட்டு, பழைய ஞாபகத்தில் தரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

"மருந்துதான் கலக்குறா. விஷமில்ல."

தரையில் யாரும் இல்லை.