ஒரு வருடம் மடித்த விரிப்புகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அது உறவுமுறை என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண் அதே மருத்துவமனையின் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் முதல் நாளே "அக்கா, அக்கா" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் பெயர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த மேலாளர்கூட வேலைப் பட்டியலில் 'அக்கா' என்றே எழுதினார். அப்பா வயதுக்காரர் ஒருவர் தன்னை அப்படிக் கூப்பிடும்போது சிரிப்பை அடக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஊரில் அவள் உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள். தைத்து வரும் சட்டைகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்தத் தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. வெளிநாட்டு மருத்துவமனைக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியது. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "ஒரு வருஷம்தானே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றார். விமான நிலையத்தில் அவர்தான் அதிகம் அழுதார். பள்ளியில் கடைசிக்கு முந்தின வருடம் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சலவைக்கூடம் தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆள் உயர இயந்திரங்கள் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் சூடு ஆறாத விரிப்புகள் மலைபோல் வந்து விழும். அவற்றை இரண்டிரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். அக்காவுக்கு ஜோடியாக அமைந்தவள் வேறொரு நாட்டுக்காரி. நெடுநெடுவென்று உயரம், வயது ஐம்பதை நெருங்கும், அங்கே பதினோரு வருடமாக வேலை. பேச்சே கிடையாது. அக்கா முனையைத் தவறவிட்டால் உச்சுக் கொட்டுவாள், அவ்வளவுதான். அறைத்தோழி அவளுக்குச் 'சிடுமூஞ்சி' என்று பெயர் வைத்தாள். அக்காவும் மனசுக்குள் அப்படியே வைத்துக்கொண்டாள்.

மடிக்கும்போது அக்காவுக்குத் தானாகப் பேசும் பழக்கம். பிடி, இழு, மடி, போதும். இரண்டாம் மாதம் ஒருநாள் எதிர்முனையிலிருந்து "இழு" என்று ஒரு கட்டைக்குரல் வந்தது. அக்கா திகைத்து நிமிர்ந்தாள். சிடுமூஞ்சியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இழு" என்றாள் மறுபடியும். அக்கா இழுத்தாள்.

நாலாம் மாதம், சலவைக்கு வந்த அழுக்குத் துணியைப் பிரிக்கும்போது, ஒரு தலையணை உறைக்குள் மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. காது மிஷின். இப்படிக் கிடைப்பதை எல்லாம் கதவோரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. பெட்டியை அக்கா எட்டிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிகள், இரண்டு பல்செட்டு, ஒரு மோதிரம். தேடிக்கொண்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. படுக்கையில் கிடப்பவர் பாதாளத்தில் இருக்கும் பெட்டிக்கு எப்படி வருவார்?

சாப்பாட்டு இடைவேளையில் அவள் மிஷினைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மாடியேறினாள். அந்த ஊர் மொழி அவளுக்கு அரைகுறைதான். இரண்டாவது படி ஏறும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிடாமலே சிடுமூஞ்சி வந்துகொண்டிருந்தாள். மூன்று மாடி ஏறி இறங்கினார்கள். கடைசியாக ஒரு தாதி, "அந்த மூலைக் கட்டிலா இருக்குமோ? அவர் ஒரு வாரமா எது கேட்டாலும் பதிலே சொல்றதில்ல. புத்தி தடுமாறிடுச்சுன்னு எழுதி வச்சிருக்கோம்" என்றாள்.

மூலைக் கட்டில்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாதி மிஷினைத் துடைத்து, பேட்டரி மாற்றி, அவர் காதில் பொருத்தி, பழக்கத்தில் தொண்டை கிழியப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பி, "எதுக்கு இப்படிக் கத்தறீங்க? காது வலிக்குது" என்றார்.

அடுத்த வாரம் அக்கா கிழிந்த விரிப்புகளை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைக்க ஆரம்பித்தாள். கண்ணாடி, பல்செட்டு, மிஷின் எல்லாம் போட்டுக் கட்டில் கம்பியில் தொங்கவிடுகிற மாதிரி, மேலே ஒரு நாடா வைத்த பை. மேலாளர் முதலில் முகம் சுளித்தார். பெட்டி மாதக்கணக்கில் காலியாகவே கிடப்பதைப் பார்த்த பிறகு அவரே துணி எடுத்துக் கொடுத்தார். வருட முடிவுக்குள் முந்நூறு பைக்கு மேல் தைத்திருந்தாள். அதில் பாதிக்கு நாடா தைத்தவள் சிடுமூஞ்சி.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது மேலாளர் கூப்பிட்டார். இன்னும் ஒரு வருடம் இருந்தால் மடிக்கும் பிரிவுக்கு அவளையே மேற்பார்வையாளராகப் போடுவதாகச் சொன்னார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினாறு வருடம் தொழிற்சாலையில் யாரும் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஞாயிறு மதியம் வீட்டுக்குப் பேசினாள்.

"நல்ல விஷயம்தானே" என்றார் கணவர். "உனக்கு எப்படித் தோணுதோ செய். இங்க ஒண்ணும் ஓடாம இல்ல."

"இருந்துட்டே வாம்மா. நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மகள்.

போனை வைத்தபின் அக்கா கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒண்ணும் ஓடாம இல்ல. அவர் நல்லபடியாகத்தான் சொன்னார், அது அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை முள் மாதிரி தைத்தது. "இருங்கக்கா, எனக்கும் துணையா இருக்கும்" என்று அறைத்தோழி வேறு கெஞ்சினாள். சரி, இருந்துவிடலாம் என்று பாதி முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை மகள் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நான் பொய் சொன்னேன்."

"என்ன பொய்?"

"பாத்துக்கறோம்னு சொன்னேன்ல. அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. நாம கூப்பிட்டா நம்மளுக்காக விட்டுட்டு வந்துடுவா, அப்புறம் காலம் பூரா அது அவ மனசுல இருக்கும்னு. ஆனா எங்க மனசு தெரியாம நீ மட்டும் எப்படிம்மா முடிவு பண்ணுவ? எனக்கு நீ வேணும். அப்பாவுக்கும்தான். சொல்லிட்டேன். இனி உன் இஷ்டம்."

அக்கா சிரித்தாள். கண்ணும் நிறைந்தது. "உங்கப்பா பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. வேன் கழுவறாரு. இன்னிக்கு மூணாவது தடவ."

மறுநாள் அக்கா மேலாளரிடம் ஊருக்குப் போவதாகச் சொன்னாள். அவர் வற்புறுத்தவில்லை. அவள் செய்த வேலையையும் அந்தப் பைகளின் கதையையும் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "உங்க ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்குமில்ல, அக்கா?" என்றார்.

கடைசி நாள் தேநீர் வைத்து வழியனுப்பினார்கள். எல்லோரும் வந்திருந்தார்கள், சிடுமூஞ்சியைத் தவிர. அன்று அவள் விடுப்பு. அக்கா கதவையே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா பாத்தீங்களா" என்றாள் அறைத்தோழி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அறைத்தோழி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள், அக்கா ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கென்று வாங்கிய கம்பளி தடிமனாகத் துருத்திக்கொண்டு நின்றது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். சிடுமூஞ்சி. உள்ளே வந்தாள், பெட்டியைப் பார்த்தாள், உச்சுக் கொட்டினாள். அறைத்தோழியை எழுப்பிவிட்டுப் பெட்டியை அப்படியே கட்டிலில் கவிழ்த்தாள்.

"ஐயோ, ஒரு மணிநேரமா அடுக்கினது" என்றாள் அறைத்தோழி.

சிடுமூஞ்சி கம்பளியின் இரண்டு முனைகளை எடுத்து நீட்டினாள். "பிடி."

அக்கா பிடித்தாள். இழுத்தார்கள், மடித்தார்கள், நெருங்கி வந்து முனை சேர்த்தார்கள், விலகினார்கள். அதற்கிடையில்தான் அவள் பேசினாள், அந்த ஊர் மொழியில், மெதுவாக, அக்காவுக்குப் புரிகிற மாதிரி.

"பன்னெண்டு வருஷத்துல என்கூட ஒன்பது பேர் மடிச்சாங்க. எல்லாரும் போயிட்டாங்க. எல்லாருக்கும் தேநீர் குடிச்சேன். மறுநாள் வந்தா எதிர்ல புது ஆள் நிக்கும். உனக்கு மட்டும் குடிக்க வேண்டாம்னு தோணுச்சு."

அக்கா கம்பளியின் முனையை நீவிவிட்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் கடைசியில். "அக்காங்கறது என் பேர் இல்ல. எங்க பாஷையில மூத்த சகோதரின்னு அர்த்தம்."

சிடுமூஞ்சி கம்பளியோடு அப்படியே நின்றுவிட்டாள். "உனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தி மூணு."

"எனக்கு நாப்பத்தொன்பது."

ஒரு கணம் கழித்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்குகிற அளவுக்கு. அப்படி ஒரு சிரிப்பை அந்த ஒரு வருடத்தில் அக்கா பார்த்ததே இல்லை. அறைத்தோழிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெட்டி ஒரே தள்ளில் மூடிக்கொண்டது. உள்ளே கையளவு இடம்கூட மிச்சம் இருந்தது. பேருந்து நிறுத்தம்வரை பெட்டியைச் சிடுமூஞ்சியே உருட்டி வந்தாள். பேருந்து வந்ததும் அக்கா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். அவள் அக்காவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போதும்" என்றாள். ஆனால் அவள்தான் விடவில்லை.

ஊரில் மகள் அக்காவைவிட இரண்டு விரல் உயர்ந்திருந்தாள். வீட்டுச் சமையலறையில் உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் கணவர் தன் வசதிக்கு இடம் மாற்றியிருந்தார்.

"இனிமே காலைச் சமையல் நான்தான்" என்றார். "பழகிட்டேன். புடுங்கிக்காத."

"யாரு புடுங்கறா?" என்றாள் அக்கா. உட்கார்ந்தபடி சாப்பிடுவது சுகமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மணிநேரப் பயணத்தில் இருந்த பெரிய மருத்துவமனைக்கு மேலாளரின் கடிதத்தோடு போனாள். தலைமைத் தாதி அதை இரண்டு தடவை படித்தார். சலவைப் பிரிவில் ஆறு பேர் இருக்கிறார்கள், பொறுப்பாகப் பார்க்கத்தான் ஆள் இல்லை, திங்கட்கிழமையே வரமுடியுமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை கணவர் அவளைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லிப் பள்ளி வேனிலேயே ஏற்றிக்கொண்டார். கடைசி இருக்கையில், புத்தகப் பைகளுக்கு நடுவே, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எந்த கிளாஸ்?"

"இன்னிக்குத்தான் சேரறேன்" என்றாள் அவள்.