நோன்போடு ஆடிய மேட்ச்

ஸ்லோவேனியாவில் யாரோ ஒரு ஸ்ட்ரைக்கர் ஓய்வு பெற்றுவிட்டாராம். இரண்டு காலாலும் அவர் அடித்த கோல்களைப் போனில் காட்டினாள் என் மகள்.

"நீங்களும் ஸ்ட்ரைக்கர்தானே அத்தா?"

ஆமாம், திண்டுக்கல்லில். மாநில அணிக்கு ஆள் எடுத்த மேட்ச்சோடு என் ஆட்டம் முடிந்தது. அது ரமலான் மாதம். கோல்கீப்பர் விழுந்து கிடக்க, காலி கோலுக்கு முன்னால் பந்து என் இடது காலுக்கு வந்தது. வெளியே அடித்தேன். இடது கால் எனக்கு என்றைக்குமே வராது. வலது காலிலேயே பெயர் வாங்கிவிட்ட திமிரில் பழகவும் இல்லை. வீட்டில் கேட்டபோது, "நோன்பு வச்சிருந்தேன்ல, கிறுகிறுன்னு வந்துருச்சு" என்றேன். அன்று காலை நாகல் நகர் கடையில் ஆறு இட்லி தின்றுவிட்டுத்தான் மைதானத்துக்கே போயிருந்தேன்.

அந்தப் பொய்யைத் தெருவே நம்பியது. கல்யாணமாகி வந்த என் மனைவியும் நம்பினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

இந்த ரமலானில் மகளுக்குப் பரீட்சை, கூடவே காய்ச்சல். "இன்னைக்கு ஒரு நாள் நோன்பு வேணாம்மா. பெறகு வச்சுக்கலாம்" என்று கெஞ்சினேன்.

அவள் சிரித்தாள்.

"நீங்க நோன்போட மேட்ச்சே ஆடுனீங்க. நான் உக்காந்து எழுத மாட்டேனா அத்தா?"