நீலக் கோட்டின் மேல் ஒரு கிணறு

ஆம்பூரில் இந்த முறை வெள்ளம் பழைய மேப்பைப் பார்த்துத்தான் வரும் என்று தாசில்தார் ஆபீசில் பேசிக்கொள்கிறார்களாம். அங்கே வேலை பார்க்கும் தன் மச்சான் சொன்னதாக மக்பூல் அகமது சொன்னார். வாணியம்பாடிக்காரர்; கத்தாரில், தோகா ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் மழை விட்டபாடில்லை.

வெள்ளைக்காரன் காலத்து சர்வே மேப் ஒன்று இணையத்தில் கிடைத்தது. பாலாறு, இரண்டு கரையிலும் வயல், மேட்டில் ஏரி. ஏரியிலிருந்து ஆற்றுக்கு மெல்லிய நீலக் கோடு ஒன்று இறங்கியது. இன்றைய தெருக்களை அதன்மேல் பொருத்திப் பார்த்தேன். கோடு பூங்குழலி அக்காவின் வீட்டுக்குள் புகுந்து போனது.

அக்கா ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். மாமா இறந்த பிறகும் மிஷினை விடாமல், ஓவர்டைம் பார்த்தே அந்த மனையை வாங்கினாள். எங்கள் பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் பத்திரத்துக்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். தோல் கழிவு இறங்கி, சுற்றிலும் கிணறெல்லாம் உப்பு. அந்த மனையிலிருந்த பழைய கிணற்றில் ஒரு வாய் குடித்தாள். "எளநிடா இது!" என்று அங்கேயே சரி சொல்லிவிட்டாள். இன்று தெருவே அவளிடம் குடம் தூக்கி வருகிறது. 'தண்ணி வீட்டம்மா' என்றால்தான் கூரியர்காரனுக்கும் தெரியும்.

அது ஏன் இனிக்கிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. மேப்பைப் பார்த்ததும் புரிந்தது. அந்த நீலக் கோடு கால்வாய்; அதைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். ஏரித் தண்ணீர் மட்டும் மண்ணுக்கடியில் இன்னும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

போன் செய்தேன்.

"அக்கா, எதிர் வீட்டு வஜீதாக்கா மாடிக்குப் போய்டு. உன் வீடு கால்வா மேல இருக்கு. மேப்ல பார்த்தேன்."

"இன்னாடா, வெள்ளைக்காரன் என் பேரையும் எழுதி வெச்சுட்டுப் போனானா? அங்க ஏசில உக்காந்துகினு பேஜார் பண்ணாத."

"வெளையாடாதக்கா. ஏரி நெரம்பிடுச்சாமே?"

"நெரம்பட்டுமே, நல்லதுதான? இன்னொண்ணு கேளு வசந்து. நம்ம கெணத்துக்குக் கயிறே வேணாம் இப்ப. குனிஞ்சு கையால மொள்ளலாம். கொஞ்சம் செவப்பா வருது, அவ்ளோதான்."

சிவப்பு என்றால், தூர்த்த மண்ணைத் தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டு வருகிறது.

"அக்கா, இப்பவே வெளிய வா!"

"இரு, பின்னால இன்னாவோ சத்தம். பாத்துட்டு வர்றேன்."

லைன் அறுந்தது. திரும்ப அழைத்தேன். மக்பூல் தன் மச்சானுக்கு போன் அடித்துக்கொண்டிருக்கிறார். அக்காவின் போனில் மணி போய்க்கொண்டே இருக்கிறது.