பின்பக்கச் சுவர்

ஜப்பான்காரன் ஆண்ட காலம். டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த எங்கள் பலகை வீட்டின் முன்பக்கத்தை நானும் என் கணவரும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சண்டைக்கு முன்பே வாங்கி வைத்திருந்த பச்சைச் சாயத்தைப் பூசி முடித்திருந்தோம். தெருவில் போன ஜப்பானிய அதிகாரி நின்று பார்த்தார். குனிந்து வணங்கினோம். சிரித்தபடி ஏதோ சொன்னார்.

அவருடன் வந்த தமிழர் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "அண்ணே, வீடு அவருக்குப் புடிச்சிருக்காம். நாளைக்குக் காலி பண்ணிடுங்க லா. பின்பக்கத்துக்கும் சாயம் அடிச்சு முடிச்சிட்டுத்தான் போகணுமாம்."

நான் அழுதுகொண்டே மூட்டை கட்டினேன்.

"யாரோ இருக்கப்போற வீடு, ஏனோதானோன்னு பூசிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

"மழை அந்தப் பக்கந்தான் அடிக்கும்," என்றார் என் கணவர். ஆணித் துளைகளை எல்லாம் அடைத்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டார்.

அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவே இல்லை. மழை பெய்யும்போது மட்டும், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.