என் அத்தர் ஜப்பானுக்குப் போய்விட்டது

இன்று காலை அலுவலக லிஃப்டில் பக்கத்துப் பிரிவு பிரியா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், நீங்களும் அந்த ஜப்பான் பெர்ஃபியூம் வாங்கிட்டீங்களா? சேம் ஸ்மெல் லா. சிராங்கூன் ரோட்டுல வாங்குனதுதானே?"

நான் பூசியிருந்தது அத்தர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் ரோட்டில் அத்தர் விற்கும் காதர் பாயின் கடையில் அவரும் நானும் மூன்று மாதம் உட்கார்ந்து கலந்தது. மல்லிகையைக் குறைத்தது, சம்பங்கியைக் கூட்டியது, சந்தனம் ஒரு சொட்டுப் போதும் என்றது எல்லாம் நான். "இது உங்களுக்கு மட்டும்தான் சார், வேற யாருக்கும் கலக்க மாட்டேன்" என்றது அவர். இந்த ஊரில் எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரி முழுக்க வெள்ளைப் பெட்டிகள். 'ஜப்பானிய மரபின் வெண்மலர்கள்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

"பாய், இது என்னோடதுதானே?"

அவர் மறுக்கக்கூட இல்லை. "உங்களோடதுதான் சார். உங்க பேரைப் போட்டா யாரு வாங்குவா? ஜப்பான்னு போட்டேன், ஓடுது."

"எனக்கு மட்டும்னு சொன்னீங்களே."

"பன்னெண்டு வருஷம் காப்பாத்துனேனே சார், அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

பழையபடி ஒரு குப்பி கேட்டேன். தனியாகக் கலப்பதை நிறுத்திவிட்டாராம். வேண்டுமென்றால் பெட்டியில் வாங்கிக்கொள்ளலாமாம்.

வாங்கவில்லை.

சொன்ன சொல் காக்கும் அத்தர்க்காரர் யாரையாவது தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். இங்கே பின்னூட்டத்தில் பெயரைப் போட்டுவிடாதீர்கள். கூட்டம் சேர்ந்தால் அவரும் கெட்டுவிடுவார்.