தூசியண்ணனும் மூன்றாவது கம்பளமும்

அழுக்குப் பண்ணிவிட்டு அதைச் சுத்தம் செய்வதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர் அவர். வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் பெரிய கடையில், மாடிப்படி ஏறியதும் வலது பக்கம், வாக்யூம் கிளீனர் பிரிவு. அங்கே தரையில் அடுத்தடுத்து மூன்று கம்பளங்கள் விரித்திருக்கும். வாடிக்கையாளர் வந்து நின்றதும் அவர் டப்பாவிலிருந்து மாவை ஒரு பிடி அள்ளித் தூவுவார். அதன் மேல் நூல் துணுக்கு, காய்ந்த இலைத் தூள், பென்சில் சீவல். வந்தவர்கள் ‘ஐயையோ’ என்று பின்வாங்குவார்கள். அந்த ஐயையோவுக்காகவே அவர் கொஞ்சம் தாராளமாகத் தூவுவார். கடையில் எல்லோருக்கும் அவர் தூசியண்ணன். முதலாளி மட்டும் மரியாதை குறையாமல் ‘தூசி சார்’ என்பார்.

மூன்று கம்பளங்களில் முதலாவது பாய் போலத் தட்டையானது. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவதுதான் தடித்த ரகம், பெரிய வீட்டுக் கூடங்களில் போடுவது. தூசியண்ணன் தானியங்கி மெஷினை ஒரே ஓட்டமாக மூன்றின் மேலும் ஓட்டிக்காட்டுவார். எங்கும் நிற்காது, எங்கும் இழுக்காது, மாவு ஒரு பொட்டு மிஞ்சாது.

“பாத்தீங்களா? கார்ப்பெட்ல குட்டை முடின்னா தானா இறங்கிக்கும், நெட்டை முடின்னா தானா ஏறிக்கும். உங்க கை சும்மா கூடவே போனா போதும்.”

பக்கத்தில் திருகு வைத்த, விலை குறைந்த பழைய மாடல் ஒன்று நிற்கும். கம்பளத்தின் உயரத்துக்கு ஏற்றபடி நாமே குனிந்து திருகி வைக்கவேண்டிய மெஷின். அதையும் காட்டுவார், காட்ட வேண்டுமே என்று. “இது ஒவ்வொரு ரூமுக்கும் குனிஞ்சு திருகணும். உங்களுக்கு இடுப்பு சும்மா இருக்குன்னா வாங்கிக்கோங்க.” இதைக் கேட்ட பிறகும் திருகு மாடலை வாங்க ஒருவருக்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் நன்றாகவே பிழைத்தார். வாங்கிப் போனவர்களில் சிலர் திரும்பி வருவதுண்டு. மெஷின் நகரவில்லை, கம்பளத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது, தோள்பட்டை விட்டுப்போகிறது என்பார்கள். தூசியண்ணன் கோபப்பட மாட்டார். அந்த மெஷினையே வாங்கி மூன்றாவது கம்பளத்தில் ஓட்டுவார். வெண்ணெயில் கத்தி போவது போலப் போகும். “மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. பிடிக்கிற விதத்துல இருக்கு” என்பார், புண்படாத குரலில். ஒரு தையல்காரரின் மனைவி, “எனக்குத்தான் கை பழகல போல, மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். அவளைப் பார்த்து அவருக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

அவர் வீட்டில் வாக்யூம் கிளீனர் கிடையாது. சலுகை விலைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்னபோது மனைவி கேட்டாள்: “நம்ம வீட்டுத் தரையில ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல. ஏறி இறங்குற மெஷினை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” துடைப்பமே நீடித்தது.

ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தாள். போன வருஷம் கல்யாணம் ஆனது. கல்யாணம் பேசி முடித்த கையோடு சம்பந்தியம்மா ஒரு நாள் கடைக்கு வந்தார். பெண்ணின் அப்பா என்னதான் வேலை பார்க்கிறார் என்று நேரில் பார்க்க வந்தார் என்பதுதான் உண்மை. தூசியண்ணன் அன்றைக்கு வாழ்நாளில் தூவாத அளவுக்கு மாவு தூவினார். அந்த அம்மா அசந்துபோய், கையோடு ஒரு தானியங்கி மெஷினை வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டுக் கூடத்தில் சுவருக்குச் சுவர் தடித்த கம்பளம், புத்தம் புதுசு. அதன் மேல் நடப்பவர்களைவிட அதைத்தான் அவர் அதிகம் கவனிப்பார். மருமகள் வந்ததும் அதைச் சுத்தம் பண்ணும் பொறுப்பு மருமகளுக்கு வந்தது.

முதல் வாரமே மகள் போன் பண்ணினாள். “அப்பா, அது நகரவே மாட்டேங்குது. கார்ப்பெட்டைப் பிடிச்சுக்கிட்டு உறுமுது. தீயிற வாசனை வருது.”

“நீ அழுத்துற கண்ணு. அழுத்தாதே. லேசா பிடி.”

“நான் அழுத்தலப்பா.”

“உனக்குத் தெரியாம அழுத்துவே. எல்லாரும் அப்படித்தான்.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பல மாதம் கழித்து எடுத்தது அவள் அம்மாதான். மகளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறதாம். கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகாணியைப் பிடிக்க முடியவில்லையாம். வீட்டில் மாமியார் வருகிற போகிறவர்களிடமெல்லாம், ‘வாக்யூம் கிளீனர் விக்கிறவர் பொண்ணு, அதைத் தள்ளத் தெரியல’ என்று சொல்லிச் சிரிக்கிறாராம். புகுந்த வீட்டில் புதுப் பெண்ணுக்குச் சோம்பேறி என்று பேர் விழுந்தால் அது லேசில் எழுந்து போகாது. “போய்ப் பாருங்க. அவ மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை போனார். சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, மகள் மூவரும் கூடத்தில் நின்றார்கள். தூசியண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு மெஷினைப் போட்டார். அது ஒரு அடி போனது. பிறகு கம்பளத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உறுமியது. லேசாகப் பிடித்தார். இன்னும் லேசாகப் பிடித்தார். கடைசியில் இரண்டு கையாலும் இழுத்தபோது கம்பளம்தான் கூடவே எழுந்து வந்தது. அவருக்கு வேர்த்துவிட்டது. மாப்பிள்ளை மரியாதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஒரு வார்த்தை சொல்ல வந்த மனிதர் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் நாக்கு, மனுஷனுக்கு முன்னால் முந்திக்கொண்டது.

“பெல்ட் தளர்ந்திருக்கு சம்பந்தியம்மா. அழுத்தி அழுத்தி இழுத்திருக்கா, அதான். பழகாத கை. கடையில சரி பண்ணிக் கொண்டுவரேன்.”

“அதைத்தான் அண்ணா நானும் சொல்றேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

மகள் அவரைப் பார்த்தாள். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக மெஷினைக் கவிழ்த்துப் போட்டுத் திறந்தார். பெல்ட் விறைப்பாக இருந்தது. சுழலும் பிரஷ் பழுதில்லாமல் இருந்தது. மூன்றாவது கம்பளத்தில் ஓட்டினார். வழக்கம்போல வழுக்கிக்கொண்டு போனது. அவருக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் பெற்ற அப்பா இப்படியும் இருப்பாரா என்று கேட்பீர்கள். இருந்தார். மெஷின் நல்ல மெஷின், குற்றம் பெண்ணின் கையில் என்று தெரிந்ததும் அவருக்கு உள்ளூர ஒரு பெருமூச்சு வந்தது.

மூடியைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு ஸ்க்ரூ உருண்டு பக்கத்து ரேக்குக்கு அடியில் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டிகள் அடுக்கிய இரும்பு ரேக். கடை திறந்த நாளிலிருந்து மூன்றாவது கம்பளத்தின் ஓரத்தில் நாலு காலை ஊன்றி நிற்பது. தூசியண்ணன் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். கை புதைந்தது. என்னவோ பிராணி என்று பயந்து வெளியே இழுத்தார். பிறகு போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

ரேக்குக்கு அடியில் இருந்தது வேறு கம்பளம் இல்லை, அதே கம்பளம்தான். ஆனால் அங்கே முடி செழித்து, விரல் மறையும் உயரத்துக்கு நின்றது. வெளியே, அவர் தினமும் மாவு தூவிச் சுத்தம் செய்த இடத்தில், அது தேய்ந்து படிந்து கிட்டத்தட்ட முதல் கம்பளத்துக்குத் தங்கை மாதிரி ஆகியிருந்தது. டி.வி. பிரிவு ஆளைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக ரேக்கை நகர்த்தினார்கள். செழித்த இடத்தில் மெஷினை வைத்தார். ஒரு அடி போனது. உறுமியது. நின்றது.

மெஷின் எந்தக் கம்பளத்துக்கும் ஏறி இறங்கவில்லை. கம்பளம்தான் பாவம், தானியங்கி வருவதற்கு முன்னாலிருந்தே மிதிபட்டு உராய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மெஷினின் உயரத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. அது இறங்கி வந்ததை மெஷினின் சாமர்த்தியம் என்று அவர் ஊர் முழுக்க விற்றிருக்கிறார். தையல்காரரின் மனைவி மன்னிப்புக் கேட்டது ஞாபகம் வந்தது. மகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனது அதற்கும் முன்னால் ஞாபகம் வந்திருந்தது. வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் எரிகிற வெட்கம்.

முதலாளி வந்து பார்த்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். “ரேக்கைப் பழைய இடத்துலயே வச்சிடுங்க தூசி சார். பாக்க ரெண்டு கலரா தெரியுது” என்றார்.

அன்று சாயங்காலமே தூசியண்ணன் திருகு வைத்த மாடல் ஒன்றைத் தன் பேரில் எடுத்துக்கொண்டு, சம்பந்தியம்மாவின் மெஷினையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வழி முழுக்க வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டார். விற்பதற்கு அவர் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லத்தான் ஒத்திகை தேவைப்பட்டது.

அதே கூடம், அதே மூவர்.

“சம்பந்தியம்மா, குறை மெஷின்லதான். என் பொண்ணு கையில இல்ல. உங்க கார்ப்பெட்டுக்கு இந்த மெஷின் ஆகாது. நான் தப்பா சொல்லி வித்துட்டேன்” என்று ஒரே மூச்சில் சொன்னார். திருகு மாடலைக் கடைசி உயரத்துக்குத் திருகிவைத்துக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டினார். அழகாகப் போனது.

சம்பந்தியம்மா முழுக்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, மனசார வந்த சிரிப்பு.

“பெத்த மனசு அண்ணா, எனக்குப் புரியாதா? நேத்து உங்க வாயாலயே சொன்னீங்க, அழுத்தி இழுத்துட்டான்னு. ராத்திரி வீட்ல அண்ணி ஏதாவது சொல்லியிருப்பாங்க.”

“இல்லம்மா, கடையில இருக்கிற கார்ப்பெட் தேஞ்சு போச்சு, அதனாலதான்...”

“நான் என் கண்ணால பாத்தேனே! என்னமா ஓட்டினீங்க அன்னைக்கு! அதை எப்படிப் பொய்யின்னு சொல்வேன்?” அவருக்காகவே வாதாடினார் அந்த அம்மா. “இது ஓடுறது பெருசில்ல, நீங்க ஓட்டினா எதுவும் ஓடும். அதுவும் இது திருகுற மெஷின். யாராவது பாத்தா, வேலைக்காக இல்ல, விலைக்காக வாங்கினோம்னு நினைப்பாங்க. நம்ம மெஷினே இருக்கட்டும். அவளும் போகப் போகப் பழகிக்குவா. என்னடா சொல்ற?”

மாப்பிள்ளை, “பழகிக்குவாம்மா” என்றார்.

தூசியண்ணன் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்கு அவர் மேல் மரியாதைதான் கூடியது. பெண்ணுக்காகத் தன் தொழிலையே விட்டுக்கொடுக்கிறாரே, இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று மருமகளிடமே சொல்லிக்காட்டினார்.

மகள் வாசல் வரை வந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அவர் திருகு மாடலைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார்.

“நான் இன்னொரு தடவை வந்து சொல்றேன் கண்ணு. கடைக்கே கூட்டிட்டுப் போய் ரேக்கை நகத்திக் காட்டுறேன். நம்ப வைக்காம விடமாட்டேன்.”

“அவங்க நம்பலன்னா போகட்டும்ப்பா. அவங்க என்னைப் பாத்து ஒரு வருஷம்தான் ஆகுது” என்றாள் அவள். “நீங்க ஏம்ப்பா நம்பல?”

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியதும் அவர் திருகு மாடலைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கினார்.