பெட்டிக்குள் முதுகு

நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். கணியூரிலிருந்து வந்திருந்த நாத்தனார். என் கையில் எட்டு மாதக் குழந்தை. வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு.

குழந்தையின் முதுகில் பழுப்பாகக் கோடுகள். காலையில் தண்ணீர் ஊற்றும்போது நாத்தனார் பார்த்துவிட்டார்.

"எலாஸ்டிக்குல வெளாசியிருக்கா பாரு, பச்சக் கொழந்தய."

பனியன் கம்பெனியில் நான் எலாஸ்டிக் தைப்பவள்.

"நான் அடிக்கலீங்க நங்கை."

"அடிக்காமயா வரி வரியா வந்துச்சு? தம்பி, கொழந்தய நான் ஊருக்குக் கொண்டுட்டுப் போறேன். அவள நீயே வெச்சுக்க."

என் வீட்டுக்காரர் குனிந்து குழந்தையின் முதுகைத் தடவிப் பார்த்தார். அதே கம்பெனியில் அவருக்கு ஷேடு பார்க்கும் வேலை. சாயத்துணியை லைட் பெட்டிக்குள் வைத்துப் பார்க்காமல் சரி, தப்பு சொல்ல மாட்டார். வீட்டிலும் அப்படித்தான்.

"பெட்டியில பாத்துரலாங்க்கா."

"கொழந்தயென்ன துணியாடா?" என்றாலும் நாத்தனாரும் வந்தார்.

கம்பெனிச் சாவி அவரிடம் இருந்தது, போய்த் திறந்தார். பெட்டிக்குள் குழந்தையைக் குப்புறப் பிடித்தேன். வெள்ளை லைட்டில் பழுப்பு. மஞ்சளிலும் அதேதான். கடைசியில் ஊதா லைட்டைப் போட்டார்.

கோடு கூடிவிட்டது. வெளியில் தெரியாததெல்லாம் வந்து நின்றது. நடுமுதுகில் கூராக இறங்கி, விலாவில் சுழித்துத் திரும்பியது. மணலில் தண்ணீர் போன தடம் மாதிரி. குழந்தை அழவில்லை. தலையைத் திருப்பிச் சிரித்தது. முளைத்த இரண்டு பல்லும் நீலமாக எரிந்தன.

"அடி நேராத்தானே உழுகும். இப்படி வளையாதுங்க்கா," என்றார் அவர்.

நாத்தனார் முதுகைப் பார்க்கவில்லை.

"அவ கையப் பாருடா."

குழந்தையைத் தாங்கியிருந்த என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளையாகக் கோடுகள். அதே வளைவு. இத்தனை வருஷம் அந்தக் கையால்தான் சோறு தின்றேன். பார்த்ததில்லை.

"உங்க கையவும் வெய்யிங்க்கா."

"எனக்கெதுக்குடா அதெல்லாம்?" நாத்தனார் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

சாயங்கால பஸ்ஸுக்குத் தனியாகத்தான் போனார். குழந்தையைத் தொடவில்லை. குழந்தை என்னிடமே இருந்தது.

பிறகு டாக்டரிடம் காட்டினோம். "எல்லார் உடம்புலயும் தோல் வளர்ந்த இந்த வழி இருக்கும்மா. சிலருக்கு நிறம் மாறித் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்," என்றார்.

நாத்தனார் இப்போதும் போன் செய்வார். குழந்தை சாப்பிட்டதா என்று கேட்பதில்லை.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க நங்கை."

"எத்தன?"

குழந்தைக்குப் பதினொரு கோடு. எனக்கு நாலு.